மறைந்த தம்பியின் நினைவாக வன்னிப் பாடசாலைக்கு விளையாட்டுப் பொருட்கள் கொடுப்பது எப்படி?

இலண்டனில் வாழ்ந்து மறைந்த உங்கள் தம்பியின் கிரிக்கெட் பையை, அதற்குள் இருக்கும் மட்டைகள், கால்காப்புகள், தலைக்கவசம் ஆகியவற்றோடு, முல்லைத்தீவு மாவட்டத்தில் உள்ள வசதி குறைந்த பிள்ளைகளுக்கு அனுப்ப விரும்புவதாகவும், அதனுடன் புதிய பொருட்களும் வாங்கிச் சேர்க்க எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன். என் அண்ணாவும் இங்கே ஒரு தமிழ்க் கழகத்துக்காக நெடுங்காலம் விளையாடியவர். அவர் இறந்த பின் எங்கள் குடும்பம் அதே மாவட்டத்துப் பாடசாலை ஒன்றுக்கு இத்தகைய உதவியைச் செய்து வருகிறது. அதனால் உங்கள் எண்ணம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது. செய்யுங்கள். ஆனால் எதைக் கொடுப்பது என்பதை உங்கள் தம்பியின் பையைப் பார்த்துத் தீர்மானிக்காமல், அந்தப் பிள்ளைகள் ஓடும் நிலத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது.

வன்னியின் பல சிறு பாடசாலைகளில் பிள்ளைகள் விளையாடுவது மென்பந்துக் கிரிக்கெட். டென்னிஸ் பந்து, எடை குறைந்த மட்டை, செம்மண்ணும் சரளைக் கல்லும் கலந்த ஒரு வெளி, இவ்வளவுதான். உங்கள் தம்பி விளையாடிய கடினப்பந்து 156 முதல் 163 கிராம் வரை நிறையுள்ளது; சமதளமற்ற சரளை நிலத்தில் அது எந்தப் பக்கம் எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாய் விரித்த ஆடுதளமும் பழக்கப்பட்ட பயிற்றுநரும் இல்லாத இடத்துக்குக் கடினப்பந்தை அனுப்புவது பிள்ளைகளை ஆபத்தில் தள்ளுவதாகவே முடியும். பெரியவர் ஒருவரின் அளவுக்கு வாங்கிய ஆங்கில வில்லோ மர மட்டையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தூக்குவதே சிரமம். பழைய தலைக்கவசத்தை எங்கும் அனுப்பாதீர்கள். ஒருமுறை பந்து பட்ட கவசம் வெளியே பழுதில்லாமல் தெரிந்தாலும் உள்ளே வலுவிழந்திருக்கக்கூடும்.

நாங்கள் பொருள் வாங்குவதற்கு முன்பு பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியருக்கு எழுதிக் கேட்டோம். அவர் அனுப்பிய பட்டியலில் கிரிக்கெட் கடைசியில்தான் இருந்தது. வலைப்பந்துகள், கரப்பந்துக்கான ஒரு வலை, தடகளத்துக்கான சில பொருட்கள், அதற்குப் பிறகே டென்னிஸ் பந்துகள். கரப்பந்தாட்டம் 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு. ஒரு வலையும் இரண்டு கம்பங்களும் இருந்தால் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். வலைப்பந்தாட்டமோ அங்குள்ள பெண் பிள்ளைகளின் விளையாட்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணிக்காக உலகக் கிண்ணம் வரை ஆடியதை அவர்கள் அறிவார்கள். ஆயினும் எங்கள் வீட்டில் ஒரு தயக்கம் எழுந்தது. அண்ணா வாழ்நாளில் வலைப்பந்தைத் தொட்டதே இல்லை, அது எப்படி அவருடைய நினைவாகும் என்று உறவினர் சிலர் கேட்டார்கள். அம்மா அந்த விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அந்தப் பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சப்பாத்து இருக்கோ எண்டு கேள்" என்றார். இல்லை என்று ஆசிரியர் பதில் எழுதினார். அந்த ஆண்டில் நாங்கள் கொடுத்தவற்றுள் மிகவும் பயன்பட்டது பிள்ளைகளின் கால் அளவைக் கேட்டறிந்து வாங்கிய அந்தச் சப்பாத்துகள்தான். இறந்தவர் ஆணாகவும் கிரிக்கெட் ஆடியவராகவும் இருக்கும்போது, கொடுக்கும் எல்லாமே ஆண் பிள்ளைகளின் கைகளுக்கே போய்ச் சேர்ந்துவிடும் வாய்ப்பு மிக அதிகம். இதை நீங்கள் தொடக்கத்திலேயே கவனித்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

வெளியில் இருந்து பார்க்கும் நமக்குத் தெரியாத இன்னொரு விடயம் உண்டு. பாடசாலைக்குக் கிடைக்கும் பொருள் பொருட்பதிவேட்டில் ஏறுகிறது. அது தொலைந்தாலோ உடைந்தாலோ பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். ஆகவே விலை உயர்ந்த பொருள் வந்தால் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவது இயல்பு. அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. இறந்தவரின் பெயர் பொறித்த பொருளாக இருந்தால் பூட்டு இன்னும் இறுகும், ஏனெனில் அதைப் பழுதாக்குவது மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். இதைத் தவிர்க்க, பந்துகளும் சப்பாத்துகளும் தேய்ந்து தீர்வதற்காகவே கொடுக்கப்படுகின்றன என்றும், தேய்ந்தவற்றுக்குப் பதிலாக அடுத்த ஆண்டு புதியவை தருவோம் என்றும் அதிபருக்குக் கடிதமாகவே எழுதிக் கொடுங்கள். எழுதிய கடிதம் கையில் இருக்கும்போது ஆசிரியருக்குத் துணிவு வருகிறது. சரளை நிலத்தில் டென்னிஸ் பந்தின் மேலுறை சில நாட்களிலேயே உரிந்துவிடும் என்பதால், ஒரே தடவையில் பெருந்தொகையைச் செலவிடுவதைவிட, அதே தொகையைப் பிரித்து ஆண்டுதோறும் கொடுப்பது பிள்ளைகளுக்கு நல்லது.

இங்கிருந்து பெட்டி கட்டிக் கப்பலில் அனுப்புவதைவிட அங்கேயே வாங்குவதை நான் விரும்புகிறேன். கப்பல் கட்டணம், சுங்கம், கொழும்பிலிருந்து வன்னிக்கு ஏற்றிச் செல்லும் செலவு எல்லாவற்றையும் கூட்டினால், அந்தப் பணத்துக்கு யாழ்ப்பாணத்துக் கடையிலேயே கணிசமான பொருட்கள் வாங்கலாம். அளவு பிழைத்தால் மாற்றவும் முடியும். 2022 நெருக்கடியின்போது டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்ததில் இறக்குமதிப் பொருட்களின் விலையும் ஏறிவிட்டது; பெற்றோர் வாங்கிக் கொடுக்க முடியாமல் போனது அதனால்தான். பணத்தைத் தனி ஒருவரின் கணக்குக்கு அனுப்பாமல் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பொருளாகவே அனுப்புவதானால், அதிபரின் கோரிக்கைக் கடிதத்தையும் வலயக் கல்வி அலுவலகத்தின் ஒப்புதலையும் பெட்டி புறப்படும் முன்பே பெற்றுவிடுங்கள்.

உங்களிடம் வசதி கூடுதலாக இருந்து, உறவினரும் நண்பரும் சேர்ந்து பெரிதாக ஏதாவது செய்ய முன்வந்தால், பொருளைவிட நிலத்தையும் பயிற்றுநரையும் நினையுங்கள். 2011இல் கிறிஸ்டோபர் ஷேல் என்ற பிரித்தானியர் இறந்தபோது, அவருடைய மகன் ஆல்பி ஷேல் தந்தையின் நினைவாக ருவாண்டாவில் ஒரு கிரிக்கெட் மைதானம் அமைக்க நிதி திரட்டினார்; அதற்காக 26 மணி நேரம் தொடர்ந்து வலைப்பயிற்சியில் துடுப்பெடுத்தாடினார். பின்னர் 2016இல் ருவாண்டா அணித்தலைவர் எரிக் டுசிங்கிசிமானா அதே நோக்கத்துக்காக 51 மணி நேரம் ஆடினார். கிகாலி நகருக்கு அருகே கஹங்காவில் அந்த மைதானம் 2017இல் திறக்கப்பட்டது. 2023இல் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கிண்ணத்தில் ருவாண்டாப் பெண்கள் மேற்கிந்தியத் தீவுகளை வென்றார்கள். நம்மால் ஒரு தேசிய மைதானம் அமைக்க முடியாதுதான். ஆனால் சரளையை அகற்றி நிலத்தை மட்டப்படுத்துவதும், வாரத்தில் இரண்டு மாலைகள் வரும் பயிற்றுநருக்கு ஊதியம் கொடுப்பதும் பல குடும்பங்கள் சேர்ந்தால் இயலக்கூடியவையே.

தம்பியின் பெயர் நிலைக்க என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். பதாகை கட்டி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவரும் பொருளைப் பெறும்போது படம் எடுக்கும் கையளிப்பு விழாவை நடத்த வேண்டாம். வறுமைக்காகப் படம் எடுக்கப்பட்ட பிள்ளை அதை மறப்பதில்லை. தம்பியின் பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆசையில் தவறேதும் இல்லை; அதற்கு நம்மிடையே ஏற்கெனவே ஒரு வழக்கம் இருக்கிறது. ஞாபகார்த்தக் கிண்ணச் சுற்றுப்போட்டி ஒன்றை அயல் பாடசாலைகளைச் சேர்த்து ஆண்டுக்கு ஒருநாள் நடத்தினால், பிள்ளைகள் வெற்றியாளர்களாக மேடை ஏறுவார்கள். ஆண்டு நினைவு நாளில் மண்டபத்துக்கும் விருந்துக்கும் செலவிடுவதில் ஒரு பகுதியே அதற்குப் போதும்.

தம்பியின் பையில் நல்ல நிலையில் இருப்பவற்றை, கடினப்பந்து ஆடும் இளையோர் அணியுள்ள ஓர் இலண்டன் கழகத்துக்குக் கொடுங்கள். ஒரு மட்டையை வீட்டிலேயே வைத்திருங்கள். இலங்கையில் பாடசாலை ஆண்டு பொதுவாகச் சனவரியில் தொடங்கி, பாடசாலை இல்லங்களுக்கு இடையிலான மெய்வல்லுநர் (தடகள) போட்டிகள் முதலாம் தவணையிலேயே நடப்பதால், ஆசிரியருக்கான முதல் கடிதத்தை ஒக்டோபர் மாதத்திலேயே எழுதிவிடுங்கள். எந்தெந்த விளையாட்டுகள் ஆடப்படுகின்றன, எத்தனை பெண் பிள்ளைகள் ஆடுகிறார்கள், நிலம் எப்படி இருக்கிறது, பொருட்கள் வைக்கும் அலுமாரியின் திறப்பு (சாவி) யாரிடம் இருக்கும் என்பவற்றை அதில் கேளுங்கள்.