பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வாடகை

கேள்வி: சுற்றுலா வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் வீடு ஒன்று எங்களுக்கு இருக்கிறது. கொரோனா ஊரடங்கு வந்தபோது மூன்று புக்கிங் கையில் இருந்தது. ஒரு குடும்பம் முழுப் பணத்தையும் கட்டியிருந்தது. அவர்கள் வர வேண்டிய நாட்களில் தங்கும் இடம் எதையும் திறக்கக் கூடாது என்று அரசு உத்தரவு. இன்னொருவர், உத்தரவு வருவதற்குப் பத்து நாள் முன்பே பயந்துபோய் கேன்சல் செய்தார். மூன்றாமவர் தேதியை மாற்றிக்கொண்டார். அந்தத் தேதியும் இரண்டாம் அலையில் அடிபட்டுப் போனது. ‘முன்பணம் திருப்பித் தரப்படாது’ என்று எங்கள் விதிமுறையில் இருந்ததால் யாருக்கும் தரவில்லை. அந்தப் பணம் அப்போதே வீட்டுக் கடன் தவணைக்குப் போய்விட்டது. இப்போது முதல் குடும்பம் மறுபடியும் கேட்டு எழுதியிருக்கிறது. “கொரோனாவை நாமா கொண்டுவந்தோம்?” என்கிறார் என் கணவர். எனக்கு மனசு ஆறவில்லை. தர வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதல் குடும்பத்துக்குத் தர வேண்டும். முழுத் தொகையும், அல்லது அதற்கு மிக நெருக்கமான ஒரு தொகையும்.

உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்விதான். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் மேலும் தப்பில்லையே. தப்பு செய்தவர் கட்டும் அபராதம் என்று ரீஃபண்டை நினைப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. அவர்கள் தங்குவதற்காகப் பணம் கொடுத்தார்கள். தங்க முடியவில்லை. அப்படியென்றால் அந்தப் பணம் உங்களிடம் இருப்பதற்கு என்ன காரணம் மிச்சமிருக்கிறது? கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

இந்தக் கேள்வி கொரோனாவோடு பிறந்ததும் அல்ல. 1902 ஜூன் மாதம் லண்டனில் ஏழாம் எட்வர்ட் மன்னருக்கு முடிசூட்டு ஊர்வலம் நடக்க இருந்தது. ஊர்வலம் போகும் பால் மால் தெருவில் அறைகள் வைத்திருந்த கிரெல் என்பவர், 26, 27 தேதிகளின் பகல் பொழுதுக்கு மட்டும் அவற்றை ஹென்றி என்பவருக்கு 75 பவுண்டுக்குப் பேசி, 25 பவுண்டு முன்பணம் வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் முன்பு மன்னருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்து ஊர்வலம் நின்றுபோனது. மீதி 50 பவுண்டு கேட்டு கிரெல் வழக்குப் போட்டார். அறை திறந்துதான் இருந்தது, போய் உட்கார எந்தத் தடையும் இல்லை. ஒப்பந்தக் கடிதங்களில் முடிசூட்டு விழா என்ற சொல்கூடக் கிடையாது. இருந்தும் 1903-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஊர்வலம் பார்க்கத்தான் அறை என்பது இருவருக்கும் தெரியும், அது இல்லாமல் போனபின் ஒப்பந்தமே இல்லை என்று சொல்லி, மீதியைத் தர வேண்டாம் என்றது.

கொடுத்துவிட்ட முன்பணத்தின் கதை வேறு. ஹென்றி முதலில் அதைத் திருப்பிக் கேட்டுவிட்டுப் பிறகு விட்டுவிட்டார். அதே ஊர்வலத்துக்கு இடம் பிடித்த வேறொருவரின் வழக்கில், 1904-இல், கட்டிய 100 பவுண்டு திரும்பக் கிடைக்காது, முன்னமே கட்ட வேண்டியிருந்த மீதியையும் கட்டு என்று தீர்ப்பானது. யார் கையில் இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும் என்ற நிலை. உங்கள் கணவர் சொல்வதைச் சட்டமே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறது பாருங்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அப்படியே ஓடின. 1942-இல், போரினால் அனுப்ப முடியாமல் போன இயந்திரங்களுக்குக் கொடுத்த முன்பணம் பற்றிய வழக்கில், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அந்த நிலையை மாற்றியது. பதிலுக்கு ஒன்றும் கிடைக்காதவருக்குப் பணம் திரும்ப வேண்டும் என்றது. அது விற்றவருக்குக் கொடுமையாகிவிடக் கூடாது என்று 1943-இல் ஒரு சட்டம் வந்தது: முன்பணம் திரும்ப வேண்டும், ஆனால் அந்த ஒப்பந்தத்துக்காகவே செய்த செலவில் நியாயமான பங்கை நீதிமன்றம் கழிக்க விடலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இலேயே இதைத் தொட்டிருக்கிறது. 56-ஆம் பிரிவு செய்ய முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது; 65-ஆம் பிரிவு அப்படிச் செல்லாமல் போனதில் கிடைத்த ஆதாயத்தைத் திருப்பிக் கொடு என்கிறது.

சரி, ‘திருப்பித் தரப்படாது’ என்ற வரி? மனசு மாறுகிறவருக்காக எழுதிய வரி அது. உங்கள் வீட்டைத் திறப்பதையே அரசு தடுத்த நாளில் அதைக் காட்டி ஒதுங்க முடியாது. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2020 ஏப்ரல் 30 அன்று, திருப்பித் தராத முன்பணம் என்று பெயர் வைத்திருந்தாலும் பெரும்பாலும் முழு ரீஃபண்ட் தர வேண்டும் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. தொற்றுநோயோ அரசு உத்தரவோ வந்தால் என்ன செய்வது என்று உங்கள் விதிமுறையில் தனியாக ஏதாவது எழுதியிருந்தால் மட்டும் முதலில் அதை எடுத்துப் படியுங்கள். நாட்டுக்கு நாடு அதன் பலம் மாறும்.

எவ்வளவு கழிக்கலாம்? அந்தக் குடும்பத்துக்காகவே செய்து, வேறு யாருக்கும் பயன்படாமல் போன செலவை மட்டும். புக்கிங் வந்த இணையத் தளம் பிடித்துக்கொண்டு திருப்பித் தராத கமிஷன் இருந்தால் அதையும் காட்டலாம். கடன் தவணையைக் கழிக்க முடியாது. யார் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் கட்ட வேண்டியது அது.

புக்கிங் இணையத் தளம் வழியாக வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி வந்திருந்தால் முதலில் கணக்கைப் பாருங்கள். 2020 மார்ச் மாதம், வீடுகளை நாள் வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி தளம், மார்ச் 14 வரை பதிவான புக்கிங்குகளில் அடுத்த ஒரு மாதத்துக்குள் தங்க வேண்டியவர்கள் கேன்சல் செய்தால் முழுப் பணமும் கிடைக்கும் என்று, வீட்டுக்காரர்களின் விதிமுறையைத் தாண்டி முடிவெடுத்தது. வீட்டுக்காரர்கள் கொதித்தார்கள். மாத முடிவில் அவர்களுக்கென்று 25 கோடி டாலர் ஒதுக்கி, கேன்சல் விதிப்படி வந்திருக்க வேண்டியதில் 25 சதவீதம் தருவதாகச் சொன்னது. ஆகவே யாருக்கு எவ்வளவு ஏற்கெனவே போய்ச் சேர்ந்தது என்று தெரியாமல் பணம் அனுப்பாதீர்கள்.

பயந்து கேன்சல் செய்தவர் விஷயம் வேறு. அன்றைக்கு உங்கள் வீடு திறந்திருந்தது, வர வேண்டாம் என்று அவரேதான் முடிவெடுத்தார். அவருக்கு உங்கள் கேன்சல் விதி பொருந்தும். அந்த நாட்களை வேறொருவருக்கு விட்டிருந்தால் மட்டும் இரண்டு பக்கமும் வாங்கக் கூடாது. ஆனால் ஒன்று என்னை உறுத்துகிறது: அவர் தங்க வேண்டிய நாட்களும் பிறகு ஊரடங்குக்குள் வந்திருந்தால், பத்து நாள் பொறுத்திருந்தாலே அவருக்குப் பணம் கிடைத்திருக்கும். முன்கூட்டியே சொன்னவருக்குத் தண்டனையா? சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாமல் போகலாம். நானாக இருந்தால் பாதியாவது கொடுப்பேன்.

மூன்றாமவரைத்தான் நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. கடிதத்தில் அவருக்கு ஒன்றரை வரிதான். தேதியை மாற்றச் சம்மதித்தவர் பணத்தை விட்டுக்கொடுத்தவர் அல்ல. ரீஃபண்ட் கேட்டு உங்களை நெருக்காமல் காத்திருந்தவர் அவர் ஒருவர்தான். 2020 மே 13 அன்று ஐரோப்பிய ஆணையம் பேக்கேஜ் டூர், பயணச் சீட்டு வவுச்சர்களுக்குத் தந்த பரிந்துரையும் இதுதான்: பணத்துக்குப் பதிலாகப் பிறகு பயன்படுத்தத் தரும் வவுச்சரை வாங்குவது வாடிக்கையாளரின் விருப்பம், பயன்படுத்தாமல் காலாவதியானால் பணத்தைத் திருப்பிக் கொடு. இரண்டாவது தேதியிலும் வீடு மூடித்தான் இருந்தது என்றால், முதல் குடும்பத்துக்கு என்ன கணக்கோ அதே கணக்குதான் இவருக்கும். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இத்தனை காலத்துக்குப் பிறகு வழக்குப் போடும் கெடு முடிந்திருக்கலாம். அதை உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் நீங்கள் வழக்குக்குப் பயந்து எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

பணம் செலவாகிவிட்டது என்பதை மறைக்காதீர்கள். அந்தக் குடும்பத்துக்கு இந்த வாரமே எழுதுங்கள்: “உங்கள் பணம் எங்களிடம் இருக்கக் கூடாதது. அன்றைக்குக் கடன் நெருக்கடியில் செலவாகிவிட்டது. இத்தனை மாதத்தில், இத்தனை தவணையில் தருகிறோம்.” கழிக்கும் செலவு ஏதாவது இருந்தால் ரசீதோடு காட்டுங்கள். முதல் தவணையை அந்தக் கடிதத்தோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.