விலை குறைந்தும் ஏன் அந்தக் கோபம்?

கேள்வி: 1773-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மக்கள் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள் என்று படித்தேன். ஆனால் அந்த வருடச் சட்டத்தால் தேயிலை மலிவானதாமே! விலை குறைந்ததற்கா போராட்டம்? – பிளஸ் டூ மாணவி ஒருவர்

பதில்: முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் நான். வகுப்பில் யாராவது இதைக் கேட்டுவிட்டால் அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்தான்.

மலிவானது உண்மை. கிழக்கிந்திய கம்பெனியின் கிடங்குகளில் தேயிலை விற்காமல் தேங்கிக் கிடந்தது. கம்பெனியைத் தூக்கிவிட, பிரிட்டனில் கட்டிய சுங்கத்தைத் திருப்பித் தந்து, சொந்த முகவர்கள் மூலம் அமெரிக்காவில் விற்க பிரிட்டிஷ் பார்லிமென்ட் அனுமதித்தது. ஆனால் அமெரிக்கக் குடியேற்றங்களில், அதாவது அங்கே பிரிட்டன் ஆண்ட பகுதிகளில், வசூலித்த வரி, பவுண்டு எடைக்கு 3 பென்ஸ், அப்படியே இருந்தது. 1767-ல் கண்ணாடி, காகிதம், பெயின்ட், ஈயம், தேயிலை எல்லாவற்றுக்கும் போட்ட வரியில், 1770-ல் மற்றதை நீக்கிவிட்டு தேயிலைக்கு மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். வரி போடும் உரிமை எங்களுக்கு உண்டு என்று காட்டத்தான். அந்த பார்லிமென்ட்டில் குடியேற்றங்களின் சார்பில் ஒரு உறுப்பினர்கூடக் கிடையாது. அந்தத் தேயிலையை வாங்கினால் அந்த உரிமையை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். உள்ளூர் வியாபாரிகளுக்கும் கடத்தல்காரர்களுக்கும் பிழைப்பு போகும் பயம் இருந்தது. அதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

தேதியைக் கவனியுங்கள். முதல் கப்பல் டார்ட்மவுத் வந்தது நவம்பர் 28. இருபது நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்க அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். கப்பலைத் திருப்பி அனுப்ப, பாஸ்டன் இருந்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் ஆளுநர் ஹட்சின்சன் சம்மதிக்கவில்லை. அவருடைய மகன்களே தேயிலை முகவர்கள்! கெடு முடியும் தறுவாயில், டிசம்பர் 16 இரவு, மோஹாக் பழங்குடியினர் போல வேடமிட்டவர்கள் மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள்.

கேள்வி: கொட்டியவர்களை விட்டுவிட்டு ஊரையே ஏன் தண்டித்தார்கள்? – அதே மாணவி

பதில்: யார் யார் என்று சாட்சி சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அதனால் 1774 ஜூன் 1 முதல் துறைமுகத்தையே மூடினார்கள், கம்பெனிக்கு நஷ்டஈடு கொடுக்கும்வரை. உணவும் விறகும் மட்டும் சோதனைக்குப் பிறகு வரலாம். தேயிலைப் பெட்டியைத் தொட்டே இராத மூட்டை தூக்குபவர், கயிறு திரிப்பவர், படகோட்டி எல்லோருக்கும் கூலி போயிற்று. இதுதான் என்னால் இன்றும் ஏற்க முடியாத அநியாயம்.

அப்புறம் இன்னும் மூன்று சட்டங்கள். மாசசூசெட்ஸ் மேல்சபையை இனி மன்னரே நியமிப்பார்; ஆளுநர் அனுமதியின்றி ஊர்க்கூட்டம் வருடத்துக்கு ஒருமுறைதான். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட அதிகாரியின் வழக்கை வேறு குடியேற்றத்துக்கோ பிரிட்டனுக்கோ மாற்றலாம். படைவீரர்களைக் காலிக் கட்டடங்களில் தங்க வைக்கலாம்.

பாஸ்டனைத் தனிமைப்படுத்துவதுதான் லண்டனின் கணக்கு. நடந்தது வேறு. தென் கரோலினா அரிசி அனுப்பியது, கனெக்டிகட்டிலிருந்து ஆடுகள் வந்தன. செப்டம்பரில் பன்னிரண்டு குடியேற்றங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள். எனக்கு மிகப் பிடித்தவர்கள் பாஸ்டனுக்குப் பக்கத்து ஊரான சேலத்தின் (நம்மூர் சேலம் இல்லை, அமெரிக்க Salem) வணிகர்கள்தான். பாஸ்டன் மூடியதால் வியாபாரம் முழுக்கத் தங்கள் பக்கம் வந்து குவியும் என்று அவர்களுக்குத் தெரியும். கஷ்டப்படும் அண்டை ஊரின் அழிவில் பணம் சேர்க்க எங்களுக்கு மனமில்லை என்று புதிய ஆளுநரான ஜெனரல் கேஜுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.