சிலுவை போட்ட இரண்டு ரூபாய்

கேள்வி: டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த சில்லறையில் வித்தியாசமான ஒரு இரண்டு ரூபாய் நாணயம் வந்தது. சிலுவை மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், இடையில் நாலு புள்ளிகள். வெள்ளைக்காரன் காலத்து நாணயம் என்கிறார் டீக்கடைக்காரர். ஆன்லைனில் ஒருவர் மூன்று லட்சத்துக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, பதிவுக் கட்டணம் 1,550 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: கட்டாதீர்கள். வாங்குகிறவன்தான் பணம் தர வேண்டும். விற்கிற உங்களிடம் எதற்குக் கட்டணம்? இந்த வியாபாரத்தில் ரிசர்வ் வங்கியின் பெயரையும் சிலர் இழுத்ததால், பழைய நாணயம், நோட்டு விற்பனையில் தனக்குச் சம்பந்தமே இல்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்துவிட்டது.

கோடு, புள்ளி எல்லாம் எண்ணி எழுதிய நீங்கள், அதில் பொறித்திருக்கும் ஆண்டை மட்டும் விட்டுவிட்டீர்கள். 2005, 2006, 2007, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். கூடவே அசோகர் தூண் சிங்கங்கள் இருக்குமே, பார்த்தீர்களா? அவை நம் நாணயத்தில் ஏறியதே 1950-இல்தான். வெள்ளைக்காரன் அதற்கு மூன்று வருஷம் முன்பே மூட்டை கட்டிவிட்டான்.

'சிலுவை'க்கு ஒரு கதை உண்டு. வேற்றுமையில் ஒற்றுமை என்பதற்கான சின்னம் அது, நாலு தலைக்கு ஒரே உடல் என்பது அரசுத் தரப்பு விளக்கம். ஒன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவை ஆண்ட லூயி மன்னனின் வெள்ளிக்காசிலும் சிலுவையும் நாலு புள்ளியும் இருப்பதைத் தேடியெடுத்துச் சண்டைக்கு வந்தார்கள் சிலர். என்னைக் கேட்டால், நியாயமான குறை வேறு. முந்தைய இரண்டு ரூபாய்க்குப் பதினோரு முனை இருந்தது. கண் தெரியாதவர் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். இதை வழவழவென்று வட்டமாக அடித்து, ஒரு ரூபாயோடு குழம்ப வைத்துவிட்டார்கள். 2007-லேயே இரண்டு விரல் காட்டும் கை முத்திரை வந்து இதன் இடத்தைப் பிடித்தது.

அப்புறம், ஆண்டுக்குக் கீழே உற்றுப் பாருங்கள். வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், சின்னப் புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா நாணயச்சாலை. காந்தத்தை வைத்தால் ஒட்டும், துருப்பிடிக்காத எஃகுதான். அச்சு விலகி, படம் பாதி வெளியே போயிருந்தால் சேகரிப்பாளர்கள் விரும்புவார்கள். உங்களுடையது அப்படி இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

இதே ஜோரில்தான் பத்து ரூபாய் நாணயத்தையும் 'செல்லாது' என்று திருப்பிக் கொடுத்தார்கள் நம் ஊர்க் கடைக்காரர்கள். பதினான்கு வடிவங்களில் வெளியிட்டிருக்கிறோம், எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கை விட வேண்டியதாயிற்று.

உங்கள் நாணயமும் செல்லும், இரண்டு ரூபாய்க்கு. அதே டீக்கடையில் கொடுங்கள். டீக்கு மிச்சக் காசை நீங்கள்தான் போட வேண்டும்.