பெண்கள் பிரிவின் எல்லைக்கோட்டை எங்கே போடுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெங்களூரில் முப்பத்தொரு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் என்பதால், விளையாட்டைப் பற்றி வரும் கடிதங்களை ஆசிரியர் குழு எனக்கு அனுப்பிவைப்பது வழக்கம். இம்முறை வந்தவற்றுள் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியிருந்தன. போட்டிகளில் ஆணையும் பெண்ணையும் ஏன் பிரிக்கிறோம், பிரிக்கும் கோட்டை யார், எங்கே போடுவது என்பதே அது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. கண்டீரவா விளையாட்டரங்கில் தினமும் காலையில் பயிற்சிக்குப் போகிறாள். உடன் ஓடும் பையன்களில் பாதிப் பேரை முந்திவிடுகிறாள். போட்டி என்று வந்தால் மட்டும் பெண் பிள்ளைகளோடுதான் ஓட வேண்டும் என்கிறார்கள். "நான் ஜெயிச்சிடுவேன்னு பயமா அம்மா?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்வது?
(ஒரு தாய், அல்சூர்)

பதில்: அவளுடைய கேள்வி நியாயமானது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். பருவமடைவதற்கு முன்பு ஓட்டத்திலும் தாண்டுதலிலும் சிறுவருக்கும் சிறுமியருக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. ஒழுங்காகப் பயிற்சி எடுக்கும் பெண், அரைமனதோடு ஓடும் பையனை முந்துவதில் வியப்பில்லை. ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதைத் தாண்டும்போது பையன்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பல மடங்கு சுரக்கத் தொடங்குகிறது. உயரம் கூடி, எலும்பு தடித்து, தசை பெருகி, இதயமும் நுரையீரலும் பெரிதாகி, இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் அளவும் உயர்ந்துவிடுவதால், இன்று அவளுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும் பையன் நான்கைந்து ஆண்டுகளில், அவளைவிடக் குறைவாக உழைத்தும், அவளைக் கடந்துவிடக்கூடும்.

உலகச் சாதனைகளைப் பாருங்கள். 100 மீட்டரில் உசேன் போல்ட்டின் நேரம் 9.58 விநாடி, புளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னரின் நேரம் 10.49 விநாடி. உயரம் தாண்டுதலில் ஆண்களின் சாதனை 2.45 மீட்டர், பெண்களின் சாதனை 2.10 மீட்டர். பத்து, பதினைந்து விழுக்காடு வேறுபாடு என்பது காகிதத்தில் சிறிய எண்ணாகத் தெரியலாம். விநாடியின் நூறில் ஒரு பங்கில் பதக்கம் கைநழுவிப்போகும் களத்தில் அது எவராலும் தாண்ட முடியாத மதில்.

அந்த நூறில் ஒரு பங்கை நம் நாடு நன்றாக அறியும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் முடித்து, அவ்வளவு சிறிய இடைவெளியில் வெண்கலத்தை இழந்தார். அதே ஒலிம்பிக்கில் ஆண்கள் பிரிவில் எட்வின் மோசஸ் தங்கம் வென்ற நேரம் 47.75 விநாடி. பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டதே அந்த ஆண்டில்தான். அப்படியொரு தனிப் போட்டி இல்லாதிருந்தால் உஷா அந்தக் களத்தில் நின்றிருக்கவே முடியாது, நாம் விடியற்காலையில் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருக்கவும் மாட்டோம். உங்கள் மகளுக்குப் பிரிவு வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் பெண்களை வெளியே நிறுத்தியதும் உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். அவர்கள் களைத்து விழுந்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுத, அந்தப் போட்டி நீக்கப்பட்டு, மீண்டும் வருவதற்கு 1960 வரை ஆயிற்று. ஆகவே உங்கள் மகள் கேள்வி கேட்பதை நிறுத்த வேண்டாம். பயிற்சியில் இன்னும் ஓரிரண்டு ஆண்டுகள் அவள் பையன்களோடு ஓடட்டும். அது அவளுக்கு நல்லது.

கேள்வி: பெண்கள் பிரிவு தேவை என்று ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்திரராஜனுக்கு நடந்ததும் நியாயம்தானா?
(கல்லூரி மாணவி, ஜெயநகர்)

பதில்: நியாயம் இல்லை. இதை நான் தயங்காமல் எழுதுகிறேன்.

செங்கல் சூளையில் கூலி வேலை செய்த பெற்றோருக்குப் பிறந்த சாந்தி, 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். ஓடி முடித்த பிறகு அவரைப் பாலினச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். என்ன சோதனை, எதற்காக என்று அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. முடிவைத் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக அவரே கூறியிருக்கிறார். பதக்கம் பறிக்கப்பட்டது, அடுத்த ஆண்டு அவர் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். பிறகு ஒரு காலத்தில் அவரும் செங்கல் சூளைக்கே கூலிக்குப் போக நேர்ந்தது. அதன்பின் நம் பெங்களூரில் உள்ள இந்திய விளையாட்டு ஆணைய வளாகத்தில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பை முடித்துப் பயிற்சியாளராகப் பணியாற்றினார் என்பதை இந்த ஊர்க்காரியாக நான் பெருமையோடு நினைத்துக்கொள்கிறேன்.

சாந்தி யாரையும் ஏமாற்றவில்லை. பெண்ணாகப் பிறந்ததாகப் பதிவு செய்யப்பட்டு, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாகவே ஓடியவர். பாலுறுப்பு வளர்ச்சி கருவிலேயே வேறுபட்டு அமையும் நிலைகள் பல உண்டு. சிலருக்கு, பொதுவாக ஆண்களிடம் காணப்படும் ஒய் குரோமோசோம் இருந்தும், உடலின் செல்கள் டெஸ்டோஸ்டிரோனுக்குச் சற்றும் இணங்காததால், அந்த ஹார்மோனால் வரும் வலிமை எதுவும் வருவதில்லை. வேறு சிலருக்குப் பிறப்பில் பெண்போல் தோன்றினாலும், உள்ளே இருக்கும் விரைகள் பருவ வயதில் ஆண்களுக்குரிய அளவில் அதைச் சுரக்கின்றன, உடலும் அதற்கு இணங்குகிறது. முதல் வகையினருக்கும் இரண்டாம் வகையினருக்கும் களத்தில் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. கிசுகிசு பேசுகிறவர்கள் எல்லோரையும் ஒரே சொல்லால் அடிக்கிறார்கள்.

விளையாட்டு அமைப்புகளும் நெடுங்காலம் அதையேதான் செய்தன. 1966-இல் புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகள் மருத்துவர் குழுவின் முன் ஆடையின்றி நிற்க வேண்டியிருந்தது. 1968 முதல் ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனை வந்தது. ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோ 1985-இல் ஜப்பானின் கோபே நகரில் அந்தச் சோதனையில் விலக்கப்பட்டார். அவர் நான் சொன்ன முதல் வகையைச் சேர்ந்தவர், டெஸ்டோஸ்டிரோனால் அவருக்கு எந்தப் பயனும் கிடைக்கவில்லை. அதை நிறுவிக் களத்துக்குத் திரும்ப அவருக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அதற்குள் உதவித்தொகையும் போயிற்று, மணம் பேசியிருந்தவரும் விலகிப்போனார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சோதித்ததில் எட்டுப் பேருக்கு ஒய் குரோமோசோமின் அடையாளம் தெரிந்தது. ஆராய்ந்த பிறகு எட்டுப் பேரும் போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். இந்த அனுபவத்துக்குப் பின் 1999-இல் எல்லோரையும் சோதிக்கும் முறை கைவிடப்பட்டது. ஆனால் சந்தேகம் எழுந்தால் சோதிக்கலாம் என்ற விதி மட்டும் மிஞ்சியது, சாந்தி சிக்கியது அதில்தான். யாரோ ஒருவரின் கண்ணுக்கு ஒரு பெண் போதுமான அளவு பெண்ணாகத் தெரியாததே அங்கே குற்றச்சாட்டாகிவிடுகிறது.

இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், பள்ளிகளுக்கு இடையேயான ஒரு போட்டியில் என் மாணவி ஒருத்தி 400 மீட்டரில் முதலாவதாக வந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருப்பாள், ஒல்லியான தேகம், கனத்த குரல். தோற்ற பெண்ணின் பெற்றோர் புகார் செய்ய, நடத்தியவர்கள் அவளை ஓர் அறைக்கு அழைத்துப்போய்ப் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் அறை வாசலில் நின்று மறுத்துவிட்டேன். பரிசை அவளுக்கே கொடுத்தார்கள். ஆனால் அடுத்த வாரம் அவள் மைதானத்துக்கு வரவில்லை, அதன்பின் வரவே இல்லை. அவளை வீட்டுக்குப் போய் அழைத்துவராமல் விட்டது என் தவறு. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

இப்போதைய நிலையையும் அறிந்துகொள்ளுங்கள். ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை தூத்தி சந்த், உடலில் இயற்கையாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் விதி வகுத்த வரம்பைத் தாண்டியதால், 2014 காமன்வெல்த் போட்டிக்கு முன் விலக்கப்பட்டார். அவர் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குச் சென்றபோது, டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு சாதகம் தருகிறது என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்று கூறி மன்றம் 2015-இல் அந்த விதியை நிறுத்திவைத்தது. 2018 ஆசியப் போட்டியில் அவர் இரண்டு வெள்ளி வென்றார். பின்னர் வந்த புதிய டெஸ்டோஸ்டிரோன் விதியை எதிர்த்த தென்னாப்பிரிக்க ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமன்யா 2019-இல் அதே மன்றத்தில் தோற்றார். விதி பாகுபாடு காட்டுகிறது, ஆயினும் பெண்கள் பிரிவைக் காக்க அது தேவை என்று மூன்று நடுவர்களில் இருவர் தீர்ப்பளித்தார்கள். அவர் மேல்முறையீடு செய்த சுவிஸ் நீதிமன்றம் அவருடைய வழக்கை முறையாக விசாரிக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2025 ஜூலையில் கூறியது. அதே ஆண்டு செப்டம்பர் முதல், உலகத் தடகளக் கூட்டமைப்பு எஸ்.ஆர்.ஒய். என்ற, ஒய் குரோமோசோமில் அமைந்து கருவில் ஆண் வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் மரபணு இருக்கிறதா என்று வீராங்கனைகள் அனைவரையும் வாழ்நாளில் ஒருமுறை சோதிக்கும் விதியைக் கொண்டுவந்தது. கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தோ, இரத்தத்திலிருந்தோ மாதிரி எடுக்கிறார்கள். 1990-இல் அந்த மரபணுவைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஆண்ட்ரூ சின்க்ளேரே, அது இருப்பதை மட்டும் வைத்து ஒருவரின் உடல் எப்படி வளர்ந்தது என்று சொல்லிவிட முடியாது என இந்த விதியை எதிர்த்திருக்கிறார்.

என் கருத்து இது. ஆண் பருவ வளர்ச்சியின் வலிமை உண்மை. அதைக் கணக்கில் கொள்ளாமல் பெண்கள் பிரிவு நிற்காது. தோற்றத்தைப் பார்த்துச் சிலரை மட்டும் பிடிப்பதைவிட எல்லோருக்கும் ஒரே விதி என்பது மேலானது. ஆனால் சோதனை போட்டிக்கு நெடுநாள் முன்பே, அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில், மருத்துவ ஆலோசனையோடு நடக்க வேண்டும். முடிவு அவளுக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரிய வேண்டும். ஓடி முடித்தவளின் கழுத்திலிருந்து பதக்கத்தைக் கழற்றுவதும், அவள் உடலைச் செய்தியாக்குவதும் எந்த விதியாலும் நியாயமாகிவிடாது. சாந்தியின் பதக்கம் அவரிடமே இருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: உடல் வலிமை தேவைப்படாத துப்பாக்கி சுடுதல், சதுரங்கம் போன்றவற்றிலும் தனிப்பிரிவு எதற்கு?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், இந்திராநகர்)

பதில்: அல்சூர்ச் சிறுமியின் "பயமா?" என்ற கேள்வி இங்கேதான் பொருந்துகிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஸ்கீட் என்ற பறக்கும் தட்டுச் சுடும் போட்டி ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக நடந்தது. சீனாவின் ஜாங் ஷான் ஆண்களை எல்லாம் தாண்டித் தங்கம் வென்றார். 1996-இல் அந்தப் போட்டி ஆண்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது, பெண்களுக்கென்று தனியாகவும் வைக்கவில்லை. 2000-இல்தான் பெண்கள் ஸ்கீட் வந்தது. இதற்கு உடலியல் காரணம் சொல்ல என்னால் முடியவில்லை. சதுரங்கத்தில் ஆண்கள் பிரிவு என்றே ஒன்று கிடையாது, இருப்பது பொதுப் பிரிவு. ஆட வரும் பெண்கள் குறைவு என்பதால் ஊக்கப்படுத்தத்தான் பெண்கள் போட்டிகள் வைக்கப்படுகின்றன. ஹங்கேரியின் யூதித் போல்கார் பொதுப் பிரிவிலேயே ஆடி உலகத் தரவரிசையில் எட்டாம் இடம்வரை சென்றார். குதிரையேற்றத்தில் இன்றும் இருபாலரும் ஒன்றாகவே போட்டியிடுகிறார்கள்.

கேள்வி: நான் திருநங்கை. பள்ளி நாட்களில் மாவட்ட அளவில் ஓடியவள். இப்போது எனக்கு இடம் எங்கே, அம்மா?
(சிவாஜிநகர்)

பதில்: உங்கள் கடிதத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை படித்தேன். உங்களுக்கு இனிப்பான பதிலைவிட நேர்மையான பதிலே மரியாதை என்று நினைக்கிறேன். ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்து வந்த திருநங்கையர் பெண்கள் பிரிவில் போட்டியிட முடியாது என்று உலகத் தடகளக் கூட்டமைப்பு 2023 மார்ச்சில் முடிவு செய்தது. நீச்சலில் ஏறத்தாழ இதே முடிவு அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. ஹார்மோன் சிகிச்சை தொடங்கியதும் ஹீமோகுளோபின் சில மாதங்களில் குறைந்துவிடுகிறது, தசை வலிமை ஓராண்டுக்குப் பிறகும் சிறிதளவே குறைகிறது, உயரமும் எலும்பின் அமைப்பும் மாறுவதில்லை. பதக்கமும் தேசிய அணியில் இடமும் முடிவாகும் மட்டத்தில் அந்த விதி நியாயமானது என்பதே என் எண்ணம். இது உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

ஆனால் அந்த மட்டத்தில் ஓடுபவர்கள் மிகச் சிலர். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கப்பன் பூங்காவில் ஓடும் குழுக்களுக்கும், குடியிருப்புச் சங்கங்களின் விளையாட்டு விழாக்களுக்கும், அலுவலகப் போட்டிகளுக்கும் உலகக் கூட்டமைப்பின் விதியைக் கொண்டுவந்து வாசலில் நிற்கவைப்பது கொடுமை. அங்கே நீங்கள் நீங்களாகவே ஓட இடம் வேண்டும். உங்களைப் பெண் அல்ல என்று அவமதிக்க விளையாட்டு விதி யாருக்கும் உரிமை தரவில்லை. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை திருநர்களுக்கு உண்டு என்று தெளிவாகவே கூறியிருக்கிறது. பயிற்சி முறை குறித்து எழுதிக் கேளுங்கள், என்னால் முடிந்ததைச் சொல்லித் தருகிறேன்.

கேள்வி: என் பதினைந்து வயது மகள் குண்டு எறிதலில் மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள். தோற்ற பிள்ளையின் தந்தை ஒருவர் "சோதித்துச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்று பயிற்சியாளரிடம் சொல்லியிருக்கிறார். மகள் இரண்டு நாட்களாகச் சாப்பிடவில்லை.
(ஒரு தந்தை, ஸ்ரீராமபுரம்)

பதில்: மேலே நான் சொன்ன மரபணு விதி, உலகத் தரவரிசையில் கணக்கிடப்படும் போட்டிகளின் பெண்கள் பிரிவுக்கானது. எதிர்த்து ஆடியவரின் தந்தை விரும்பினார் என்பதற்காக அதை உங்கள் மகள்மீது ஏவ முடியாது. பயிற்சியாளரோ நடத்துபவர்களோ சான்றிதழ் கேட்டால், எந்த விதியின்கீழ் கேட்கிறார்கள் என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லுக்குப் பதில் சொல்லாதீர்கள். எவரும் அவளைத் தனியறைக்கு அழைத்துப் பார்ப்பதற்கு எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள். அவளுடைய உடல்நலம் குறித்து உங்களுக்கே ஐயம் இருந்தால், அவள் விருப்பத்தோடு, நீங்கள் தேர்ந்தெடுக்கும் மருத்துவரிடம் போங்கள், அங்கே கிடைக்கும் தாளை வேறு யாரிடமும் காட்ட வேண்டாம். நாளைக் காலையில் வழக்கம்போல அவளை மைதானத்துக்கு அழைத்துப்போங்கள். அவள் எறிந்து முடிக்கும்வரை, ஒரு வாரமாவது, நீங்களும் அங்கேயே நில்லுங்கள்.