பேட்டரி இல்லாமல் பொம்மை ரயில் ஓடுமா?

குன்னூரில் பள்ளிக் கண்காட்சிக்காக, நம் மலை ரயிலின் சிறு மாதிரியைக் கம்பியில்லா மின்சாரத்தால் ஓட்ட முடியுமா என்பது கேள்வி.

முடியும். ஒரு கம்பிச்சுருளிலிருந்து இன்னொன்றுக்கு, இரண்டும் தொடாமலே ஆற்றல் போவதுதான் கம்பியில்லா மின்சாரம். மின்னோட்டம் பாயும் சுருளைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலம் மாறிக்கொண்டே இருந்தால், அருகிலுள்ள சுருளிலும் மின்சாரம் பிறக்கும். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தது இது.

பலரும் சறுக்குவது "மாறிக்கொண்டே" என்ற சொல்லில்தான். பேட்டரியை நேரடியாகச் சுருளில் இணைத்தால் புலம் மாறாமல் நிற்கும், ரயிலும் நிற்கும். நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை மாற்ற ஒரு டிரான்சிஸ்டர் சுற்று வேண்டும். ரயிலுக்குள் ஒரு சுருள், மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு, சிறு மோட்டார் இருந்தால் போதும்.

தூரம்தான் பெரிய சிக்கல். ஊட்டியில் டிசம்பர் இரவில் கணப்பருகே உட்கார்ந்தால் கதகதப்பு. நாலடி தள்ளினால் பல் கிட்டும். காந்தப்புலம் அதைவிட வேகமாகத் தேய்ந்துவிடும். ஆகவே பாதை நெடுகிலும் அடியில் சுருளைப் பதியுங்கள்; இடைவெளி ஓரிரு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். தகரப் பலகை வேண்டாம், அது ஆற்றலை விழுங்கிச் சூடாகும், அட்டை நல்லது. வீட்டு 230 வோல்ட் இணைப்பைத் தொடவே கூடாது, 9 வோல்ட் பேட்டரி போதும்.

காற்றிலிருந்து இலவசமாக மின்சாரம் வருகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் பேட்டரி ரயிலிலிருந்து மேசைக்கு இடம் மாறியிருக்கிறது, செலவும் கூடியிருக்கிறது.