கனடாவில் கடும் குளிர் என்று முன்னறிவிப்பு வந்திருக்கிறது; யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மா அப்பாவை ஜனவரியில் ரொறன்ரோவுக்குக் கூப்பிடலாமா?

கேட்டவர் ரொறன்ரோவில் இருக்கிறார். பெற்றோர் இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. வரும் குளிர்காலம் லா நினா என்ற பசிபிக் கடல் மாற்றத்தால் பனியும் கடுங்குளிருமாக இருக்கும் என்று செய்தியில் பார்த்துவிட்டு, கூப்பிடுவதா, பொறுப்பதா என்று கேட்கிறார்.

வேறு மாதம் பார்க்க வசதி இருந்தால் ஜனவரியில் கூப்பிடாதீர்கள். அந்த முன்னறிவிப்புக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. "இந்த முறை குளிர் குறைவு" என்று செய்தி வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். நான் யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்தவன், மகள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் குடும்பமாக இருக்கிறாள். அதனால் இந்தக் கேள்வியை இரண்டு பக்கத்தில் இருந்தும் யோசித்திருக்கிறேன்.

மூன்று மாத முன்னறிவிப்பு என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையான முழுக் காலத்தின் சராசரி, வழமையைவிடக் குளிரா, வழமையா, வழமையைவிடச் சூடா என்ற மூன்றில் எதற்கு வாய்ப்புக் கூட என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் மூன்றுக்கும் ஆளுக்கு 33 சதவீதம். குளிருக்கு 45 சதவீதம் என்று வந்தால் வரைபடத்தில் நீல நிறம் பூசிவிடுவார்கள், செய்தியில் "கடுங்குளிர் வருகிறது" என்று தலைப்புப் போடுவார்கள். ஆனால் மிச்சம் 55 சதவீதம் அப்படி இல்லாமல் போவதற்கான வாய்ப்பு. சராசரி மாறினாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு பாகைதான் மாறும். ரொறன்ரோவின் ஜனவரி இரவு வழமையிலேயே மைனஸ் 9 பாகையை ஒட்டி இருக்கும். எங்கள் ஊரில் தை மாத விடியற்காலை இருபது பாகைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்போதே அம்மாமார் காதை மூடிக் கட்டிக்கொண்டுதான் முற்றம் கூட்டுவார்கள். அவர்களுக்கு மைனஸ் 9 என்ன, மைனஸ் 7 என்ன.

லா நினா என்பது பசிபிக் சமுத்திரத்தில் மத்தியகோட்டை ஒட்டிய நீர்ப்பரப்பு வழமையைவிட அரைப் பாகையாவது குளிர்ந்து பல மாதம் நிற்பது. சூடாகி நின்றால் எல் நினோ. லா நினா என்றால் கனடாவில் குளிர், எல் நினோ என்றால் சூடு என்பது பொதுக் கணக்கு. எல் நினோ நின்ற 2023-24 குளிர்காலம் கனடா முழுவதற்கும் பதிவில் இல்லாத அளவுக்குச் சூடாகப் போனது. இப்படிச் சரிவந்த ஆண்டுகள் உண்டு. ஆனால் 2018-19இலும் மெலிந்த எல் நினோதான் இருந்தது. அந்த ஜனவரி முடிவில் சிக்காகோ மைனஸ் 30 வரை இறங்கியது. வடதுருவத்துக்கு மேலே, மிக உயரத்தில் சுழலும் குளிர்க் காற்று வளையம் குலைந்து, அங்கே அடைபட்டுக் கிடந்த குளிர் தெற்கே வழிந்ததுதான் காரணம். அந்தக் குலைவை நவம்பரில் இருந்துகொண்டு யாரும் சொல்ல முடியாது, இரண்டு கிழமைக்கு முன்னர் தெரிந்தாலே பெரிய விசயம்.

பனியையும் குளிரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதும் நடக்கிறது. நிறையப் பனி கொட்டும் நாள் பெரும்பாலும் மைனஸ் ஒன்று முதல் ஐந்துக்குள் இருக்கும், காற்று இல்லாவிட்டால் தாங்கலாம். உயிரை வாட்டுகிற குளிர் பனி விட்ட பிறகுதான் வரும். வானம் நீலமாகத் துடைத்துவிட்டது போல இருக்கும், நல்ல வெயில் எறிக்கும், யன்னலால் பார்த்தால் எங்கள் மாசி மாத வெயில் மாதிரி இருக்கும். புதிதாகப் போகிறவர்கள் அதை நம்பித்தான் தொப்பி இல்லாமல் வாசலுக்குப் போகிறார்கள். இதை அம்மா அப்பாவுக்கு முதலே சொல்லிவையுங்கள்.

பனியும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் கொட்டாது. 2022 நவம்பரில் எரி ஏரிக்கு மேலாக நீளவாக்கில் ஓடிய குளிர்காற்று, உறையாத நீரின் ஈரத்தை அள்ளி, அமெரிக்காவின் பஃபலோ நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 2 மீற்றர் பனியைக் கொட்டியது. ரொறன்ரோவுக்கு அதில் சிறு பங்குகூட வரவில்லை. "பெரும் ஏரிகள் பகுதியில் கூடுதல் பனி" என்று வாசித்தால், ஒன்ராறியோ மாகாணத்தின் பரி, லண்டன் நகரங்கள் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஸ்காபரோ, மார்க்கத்தில் வீடு என்றால் அந்தத் தலைப்பில் பாதிகூட உங்களுக்குப் பொருந்தாது.

நான் பயப்படுவது காற்றுக்கு. அதை விளங்கிக்கொள்ளக் கனடா வரை போகத் தேவையில்லை. 2022 டிசெம்பரில் மண்டூஸ் புயல் வங்கக் கடலால் போனபோது எங்கள் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் குளிரில் செத்துப்போயின. வெப்பமானி பூச்சியத்துக்குக் கிட்டவும் போகவில்லை. திறந்த பட்டியில் நின்றவை மழையில் ஊறி, விடாமல் அடித்த காற்றில் உடம்புச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து விழுந்தன. வாயில்லாச் சீவன்கள். அந்தச் செய்தி இன்றைக்கும் மனதை விட்டுப் போகவில்லை. கனடாவில் தினசரி முன்னறிவிப்பில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் "எவ்வளவாக உணரப்படும்" என்று இன்னொரு எண் போடுவது இதனால்தான். மைனஸ் 15 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று அடித்தால் அது மைனஸ் 26 ஆக உறைக்கும். அந்த எண் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிசத்துக்குள் உறையத் தொடங்கும். பெற்றோரை வெளியே கூட்டிப்போவதா என்பதை இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

வயதானவர்களை உண்மையில் விழுத்துவது வேறொன்று. பூச்சியத்தை ஒட்டிய நாளில் மழையாக விழுந்து, நிலத்தில் பட்டவுடன் கண்ணாடியாக உறைகிற மழை. 2013 டிசெம்பரில் அது வந்தபோது ரொறன்ரோவில் மூன்று இலட்சம் மின்னிணைப்புகள் இருண்டன, நத்தார் நாளிலும் பலருக்கு மின்சாரம் இல்லை. அவ்வளவு பெரிதாக வரத் தேவையில்லை. கார் நிற்கிற இடத்தில், வாசல் படியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் போதும், இடுப்பெலும்பு முறிய. உப்புப் போட்டாலும் மைனஸ் 10க்குக் கீழே அதன் வேலை மந்தமாகிவிடும்.

அப்புறம் அப்பா. எங்கள் ஊர் அப்பாமார் சும்மா இருக்கப் பழகாதவர்கள். நீங்கள் வேலைக்குப் போனதும் பனி அள்ள இறங்கிவிடுவார். குளிரில் இரத்தக்குழாய்கள் இறுகியிருக்கும் நேரத்தில் அந்தப் பாரம் தூக்கினால் மாரடைப்புக்கு இடம் உண்டு. இதில் மட்டும் அவரோடு கண்டிப்பாக இருங்கள். அம்மாவுக்கு வீட்டுக்குள்ளேயே கரைச்சல் வரும். சூடாக்கியால் காற்று காய்ந்து மூக்கு எரியும், தோல் அரிக்கும். போத்தலில் தேங்காய் எண்ணெய் கல்லாகக் கிடக்கும். ஈரப்பதமூட்டி ஒன்றை அவர்கள் படுக்கிற அறையில் வையுங்கள். டிசெம்பரில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னரே இருண்டுவிடும். வேலிக்கு மேலாக நாலு பேரோடு கதைத்துப் பழகியவர்கள் முழுநாளும் யன்னலுக்குள் இருப்பது எனக்குக் குளிரைவிடப் பெரிய கவலை.

நல்ல காலம் மே முடிவும் ஜூனும். ஜூலை, ஆகஸ்ட் என்றால் நல்லூர்த் திருவிழா வந்துவிடும், கொடியேற்றம் நெருங்க அவர்களை அசைக்க ஏலாது. நீங்களே இங்கே வருவதாக இருந்தால் தைப்பொங்கலை ஒட்டி வாருங்கள், டிசெம்பரைத் தவிருங்கள். லா நினா ஆண்டில் எங்கள் வடகீழ்ப் பருவமழை குறையும் என்பது பொதுவான போக்குத்தான். ஆனால் 2020இல் லா நினா நின்றபோதுதான் டிசெம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் வந்து வடக்கை வெள்ளத்தில் போட்டது.

பிள்ளைப்பேறு மாதிரித் தள்ள முடியாத காரணம் என்றால், தயங்காமல் கூப்பிடுங்கள். குளிர்ச் சட்டையை நீங்கள் விமான நிலையத்துக்குள்ளேயே கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள், இங்கே வாங்குவது அங்கே தாங்காது. அடிப்பிடி உள்ள சப்பாத்தை அவர்கள் காலில் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பெற்றோர் நீண்ட காலம் தங்க எடுக்கிற சூப்பர் விசாவுக்கு ஒரு இலட்சம் டொலர் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். சாதாரண விசா என்றாலும் காப்புறுதி இல்லாமல் ஏற்றாதீர்கள். பிரசர், சலரோகம் ஏற்கெனவே இருந்தால் அதற்கு எந்த நிபந்தனையில் காசு தருவார்கள் என்பதை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். விமானச் சீட்டைத் திகதி மாற்றக்கூடியதாக எடுங்கள். மூன்று மாதத்து வரைபடத்தை மறந்துவிட்டு, புறப்பட நாலைந்து நாள் இருக்கும்போது ரொறன்ரோ விமான நிலையத்துக்கான நாளாந்த முன்னறிவிப்பைப் பாருங்கள். உறைமழை என்று போட்டிருந்தால் ஓரிரு நாள் தள்ளிப்போடுங்கள், வெறும் பனி என்றால் வரட்டும்.