சாயப்பட்டறைச் சுவரில் கை வைத்தால் தெரியும்

ஆந்திராவின் நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் மகளின் மேல்படிப்புக்கு யோசனை கேட்டு, போன வாரம் மனைவியோடும் மகளோடும் என்னிடம் வந்தார். மகள் இன்டர் இரண்டாம் வருடம், அதாவது பிளஸ் டூ. பெங்களூர் சித்தப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு ஆள் பார்த்துவிட்டாராம். தறிகளை அடமானம் வைத்தால் போதுமாம். "இவ என்னமோ கேலக்ஸி, அகச்சிவப்புன்னு சொல்றா. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றார்.

எடுத்துச் சொல்ல வேண்டியது உங்களுக்குத்தான் ஐயா. தறி உங்கள் சோறு. அதை ஒரு சீட்டுக்காக அடகு வைக்காதீர்கள். இதில் நான் இறங்கிவரப் போவதில்லை.

உங்கள் பெண் என்னிடம் சொன்னதை நீங்கள் காதில் வாங்கவில்லை. சாயப்பட்டறைக்குள் அடுப்பு எரிவது வெளியே தெரியாது, சுவரில் கை வைத்தால் சூடு தெரியும் என்றாள். விஷயமே அதுதான். புதிதாய்ப் பிறந்த பெரிய நட்சத்திரங்களின் புறஊதா ஒளியைச் சுற்றியிருக்கும் தூசி விழுங்கி, சூடேறி, கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளியான அகச்சிவப்பாகத் திருப்பி விடுகிறது. அந்த வெளிச்சத்தை அளந்தால், ஒரு கேலக்ஸியில், அதாவது நட்சத்திரக் கூட்டத்தில், வருடத்துக்கு எத்தனை சூரியன் எடைக்கு நட்சத்திரம் பிறக்கிறது என்று கணக்கிடலாம். நம் பால்வீதியில் ஒன்றிரண்டு சூரியன் அளவு. 1.2 கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் எம் 82 என்ற கேலக்ஸியில் அதைப்போல் பல மடங்கு. "வெயில் பட்டாலும் சுவர் சுடுமே?" என்று மடக்கினேன். "வயசான நட்சத்திரமும் தூசியைச் சூடாக்கும் சார், அதைக் கழிக்கணும்" என்றாள். ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடமே அதுதான்!

இதைப் படிக்க வழி உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. ரேணிகுண்டா தாண்டி ஏர்ப்பேட்டில் திருப்பதி ஐசர், அதாவது இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். 2015-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்து வருட பி.எஸ்-எம்.எஸ். படிப்பு. ஐ.ஏ.டி. என்ற நுழைவுத்தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் 15 கேள்விகள் வீதம் 60. மூன்று மணி நேரம். இன்டரில் கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டும் எடுத்த எம்.பி.சி. பிள்ளைகள் உயிரியலைக் கண்டு ஓட வேண்டாம், மற்ற மூன்றும் கைகொடுக்கும். இன்டரில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்தால் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், வருடம் 80,000 ரூபாய். கடைசி வருடம் முழுக்க ஆராய்ச்சிதான். நாசாவின் ஸ்பிட்சர் அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி 2003 முதல் 2020 வரை எடுத்த தரவுகள் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இலவசமாகக் கிடக்கின்றன. அவற்றோடு மல்லுக்கட்டுகிறவளுக்குப் பைத்தான் என்ற கணினி மொழி தானாக வந்துவிடும். சித்தப்பா கேட்கும் கம்ப்யூட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது.

இடம் கிடைக்காவிட்டால்? அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், அப்புறம் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற நுழைவுத்தேர்வு. அதுவும் நல்ல வழிதான்.

ஒன்றை மறைக்கவில்லை: முனைவர் பட்டம் வரை பத்து வருடம் ஆகும். ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முனைவர் பட்ட ஆராய்ச்சியின் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் வரும், ஆனால் அதற்குப் பிறகு வானியல் வேலைகள் குறைவு. அதனால் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். எம் 82-இன் 24 மைக்ரான் அலைநீள அகச்சிவப்புப் படத்தை இறக்கி, சாதாரணப் படத்தில் கறுப்பாகத் தெரியும் தூசிப் பட்டையோடு ஒப்பிட்டு, இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும். பதினைந்து நாளில் சலித்துப்போனால் அவளே சொல்லட்டும், வேறு பார்ப்போம். சித்தப்பா சொல்லக் கூடாது.

சீட்டுக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் நாளைக்கே போன் போட்டுத் திரும்பக் கேளுங்கள்.